இடது கதவு

அந்த ஆண்டு ஈரோட்டில் ஒரு வலது காலின் விலை பதினெட்டு லட்சம் ரூபாய். இடது காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஏன் குறைவு என்று யாருக்கும் தெரியாது. கண் ஒற்றையாகப் போனால் ஒரு விலை, ஜோடியாகப் போனால் வேறு விலை. முழு உயிருக்கு வயதைப் பார்த்து விலை போடுவார்கள், புது மஞ்சளுக்கும் பழைய மஞ்சளுக்கும் போடுவது போல. சாலை இழப்பீட்டு வாரியம் என்று ஒன்று வந்து, சித்திரைக்குச் சித்திரை இந்தப் பட்டியலை வெளியிட ஆரம்பித்தபோது, உயிருக்கு விலை போடலாமா என்று பேசியவர்கள் கொஞ்ச நாள் பேசிவிட்டு ஓய்ந்தார்கள். மஞ்சள் மண்டிக்காரர்கள் அதைப் பேசவே இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இது முடிவான விலையா, இல்லை பேசலாமா?

பேசலாம் என்று வாரியம் சொன்னது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். மண்டித் தெருவுக்கு அதன்பிறகு வாரியத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்தத் தெருவில் பேரத்துக்குப் பேர் போனவர் நவநீதன். துண்டை விரித்து, அதற்கடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம் மற்ற கடைகளில் போனுக்கு மாறி வருஷக்கணக்காகிவிட்டது. நவநீதன் மட்டும் துண்டை விடவில்லை. எதிராளியின் விரலைத் தொட்டால் அவன் வீட்டில் கல்யாணமா, கடனா, ஆஸ்பத்திரிச் செலவா என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். ஆனால் அவருடைய பெரிய ஆயுதம் விரல் அல்ல, நடை. முதலில் சொன்ன விலையை அவர் ஆயுளில் ஒருமுறைகூட ஒத்துக்கொண்டதில்லை. கேட்டதும் பேசாமல் எழுந்திருப்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடப்பார். வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் எதிராளி கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிடுகிறவனுக்கு அவகாசம் கொடுப்பதற்காகவே, இரண்டு வார் வைத்து பக்கிள் போட்ட செருப்பாகப் பார்த்து வாங்கியிருந்தார். இதுவரை கூப்பிடாதவன் கிடையாது.

அவருக்கு ஒரே மகள், எழினி. பெருந்துறைப் பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரியில் முதல் வருஷம். கல்லூரிக்குப் போய்வர கார் வேண்டும் என்று அவள் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் கறிச்சோறு சாப்பிட்டுக் கையைக்கூடக் கழுவாத நேரத்தில். நேரம் பார்த்துக் கேட்கிற வித்தையை அவரிடமிருந்துதான் கற்றிருந்தாள்.

"கம்பெனிக் கார் வேண்டாங்ப்பா. கிட் கார். பெட்டி பெட்டியா வரும். நாமளே கட்டிக்கலாம். பாதி விலைதான்."

பாதி விலை என்ற சொல் அவர் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் அப்புறம் விழுந்தது.

"நட்டும் போல்ட்டும் நாமளே முடுக்கறதா?"

"நான் முடுக்கறனுங். நீங்க லைட் புடிச்சாப் போதும்."

கோயமுத்தூர் கம்பெனிக்காரனிடம் அவர் இரண்டு முறை எழுந்து நடந்தார். விலையில் கொஞ்சம் குறைந்து, ஒரு ஜாக்கி இலவசமாக வந்தது. மரப்பெட்டிகள் லாரியில் வந்து இறங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் கிடங்கை அடைத்துக்கொண்டன. நவநீதனின் மனைவி கோகிலவாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மூட்டை போடறதுக்கு எடமில்ல. அப்பனும் மவளும் இதையே கட்டிப் புடிச்சுட்டுத் தூங்குங்க" என்றாள்.

ஆவணியில் ஆரம்பித்து தை வரை வேலை நடந்தது. எழினி சேஸிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பாள். நவநீதன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அந்த போல்ட்டை இன்னும் ஒரு சுத்து முடுக்கு" என்பார். "மேனுவல்ல போதும்னு போட்டிருக்குதுங்" என்பாள். "மேனுவல் எழுதினவன் இந்த ரோட்டைப் பாத்தானா?" என்பார். முதலில் வெள்ளை பெயின்ட் அடித்தாள். கிடங்கின் மஞ்சள் தூள் ஈரப் பெயின்ட் முழுக்க ஒட்டிக்கொண்டது.

"வெள்ளைக் காரு வேணும்னா வேற வீட்டுல பொறந்திருக்கோணும் அம்மிணி" என்றார் நவநீதன். மறுநாள் மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்தார்கள்.

இடது கதவுதான் உயிரை வாங்கியது. கீல் சரியாக உட்காரவில்லை. மேலே நூல் போகாது, கீழே விரல் போகும். கோயமுத்தூர்க்காரன் வேறு கதவு அனுப்புகிறேன் என்றான். எழினி வேண்டாம் என்றாள். அரத்தால் ராவினாள், வாசர் வைத்துப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி ராவினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மண்டிக்குப் போன் செய்து, "அப்பா, உடனே வாங்" என்றாள். அவர் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அவள் கதவைச் சாத்திக் காட்டினாள். பழைய இரும்புப் பெட்டி மூடுகிற மாதிரி கனமாக ஒரு சத்தம். இரண்டு பேரும் மாறி மாறிச் சாத்திப் பார்த்தார்கள். கோகிலவாணி எட்டிப் பார்த்து, "கதவைத் தொறக்கறதும் சாத்தறதுமா இதென்ன சின்னப்புள்ள வெளையாட்டு" என்று சொல்லிவிட்டு, தானும் ஒருமுறை சாத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

வண்டி முடிந்ததும் சோதித்துச் சான்று கொடுப்பதற்கு ரியாஸ் என்ற இளைஞன் வந்தான். கம்பெனி ஆள், ஈரோட்டுப் பையன்தான். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் பொருத்தினான். அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு.

"இதென்னங் தம்பி?"

"பேரப்பெட்டிங்க. வண்டியோட வாய்னு வெச்சுக்கங்க. இப்பக் காலியா இருக்குது. நீங்கதான் பேசக் கத்துக்குடுக்கோணும்."

"காருக்கா?"

"ரோட்டுல எல்லா வண்டியும் ஒண்ணுக்கொண்ணு பேசிட்டேதானுங்க போகுது. முக்குல யார் முன்னால போறது, யார் ஒதுங்கறது, ஒதுங்கறவனுக்கு எத்தனை ரூபா. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பத்துப் பேரம் முடிஞ்சிருக்கும். நமக்குக் கேக்கறதில்ல, அவ்வளவுதான்."

நவநீதன் முகம் மலர்ந்தது. "துண்டுக்கடியில கை போட்டுக்கற மாதிரி."

"அதேதானுங்க."

எழினி கேட்டாள்: "ஆக்சிடென்ட் ஆகற மாதிரி இருந்தா?"

"அப்பவும் பேரந்தானுங்க. அடியை யாரு வாங்கிக்கறது, எந்தப் பக்கத்துல வாங்கிக்கறது, காசு யார் குடுக்கறது. எனக்கு பம்பர் போகட்டும், உனக்குக் கதவு போகட்டும், ஆளுக்குச் சேதமில்லாம போயிரலாம்னு பேசி முடிச்சுக்கும். இது வந்ததுக்கப்புறம் சாவு எவ்வளவோ கொறஞ்சிருக்குது." ரியாஸ் பெட்டியைத் தட்டினான். "கம்பெனி வண்டிக்கெல்லாம் ஒரே விலை. ஒரு தடவை சொல்லும். ஒத்துக்கிட்டாச் சரி. இல்லைன்னா அது பாட்டுக்கு பிரேக்கைப் புடிச்சுட்டு, வர்றதை வாங்கிக்கும். வீட்டுல கட்டற வண்டிக்கு மட்டுந்தான் கட்டினவங்க சொல்லிக் குடுக்கறது. ஏன்னா அது பேசற பேச்சுக்கு நீங்கதான் பொறுப்பு. நியாயமான விலையைத் தட்டிவுட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா, எதிர்வண்டிக்காரனுக்கும் நீங்கதான் கட்டோணும்."

"ஒரே விலைக் கடையில நான் ஜட்டிகூட வாங்கறதில்ல தம்பி" என்றார் நவநீதன்.

பெட்டிக்கு ஒரு குரல் வேண்டும் என்று மேனுவல் சொன்னது. எழினி ஒரு பக்கம் முழுக்கப் படித்துப் பதிவு செய்தாள். அன்றைக்கு அவளுக்குச் சளி. அதனால் காரும் மூக்கடைத்த குரலில்தான் பேசியது. மாற்றிப் பதிவு செய்யலாம் என்றாள். "இருக்கட்டும், பாவமா இருந்தா எரக்கப்பட்டுக் கொறைச்சுக்குவாங்க" என்றார் அப்பா.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் பாடம் நடந்தது. பெட்டி ஒரு கணக்கைச் சொல்லும். நவநீதன் பதில் சொல்வார்.

"முன்னால போறதுக்கு நூறு ரூபாய் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. எந்திரிச்சுப் போயிரு."

"வண்டி எப்படி எந்திரிக்கும்?"

எழினி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தொழில் விஷயம். "பதில் பேசாம உன்ற போக்குல போயிட்டே இரு. திரும்பிப் பாக்காத. அவனே கூப்பிட்டுக் கொறைப்பான்."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவான்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கட்டும்?"

"கூப்பிடற வரைக்கும்."

பச்சை விளக்கு சிமிட்டியது. கற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

ஒரு நாள் அவர் மண்டியிலிருந்து வரும்போது எழினி தனியாகப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெட்டி எதையோ கேட்க, அவள் "சரின்னு சொல்லீரு" என்றாள்.

"என்ன அம்மிணி பண்ற?"

"எல்லாத்துக்கும் எந்திரிச்சுப் போகச் சொன்னா எப்புடிங்ப்பா. சிலதுக்கு மொதல்லயே சரின்னு சொல்றதும் தெரிஞ்சிருக்கோணுமில்ல?"

"மொதல் விலைக்கு ஒத்துக்கறது ஏவாரமில்ல கண்ணு, தானம். நீ ஒரு தடவ சரின்னு சொல்லிப்போட்டா, இதுக்கு அந்த ருசி புடிச்சுக்கும். அப்புறம் ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் நம்மளைத்தான் ஒதுங்கச் சொல்லும்."

அவள் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்துக்கு எதிராக அவர் பத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பெட்டி எண்ணிக்கையைப் பார்த்துக் கற்கிற சாதி. அது அப்பாவின் பக்கம் சாய்ந்துகொண்டது.

மாசியில் மஞ்சள் கார் ரோட்டில் இறங்கியது. தெருவே அதன் திறமையைப் பேசியது. பன்னீர்செல்வம் பார்க் முக்கில் மற்ற வண்டிகள் நின்றுகொண்டிருக்க, இது வழுக்கிக்கொண்டு போகும். பார்க்கிங்கில் கடைசி இடம் இதற்குத்தான். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றதும் அன்றைய கணக்கைச் சொல்லும்: "இன்னைக்கு மிச்சம் நூத்தி நாப்பது ரூபாய்." அதோடு, ஏறி இறங்கிய ஆட்களை எண்ணி இன்னொரு வரியும் சொல்லும். கிடங்கில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது கணக்குப்பிள்ளை கத்துகிற வரி அது. அப்பாவைக் கிண்டல் செய்வதற்காக எழினி பழக்கிவிட்டிருந்தாள். "ஏத்தினது ரெண்டு, எறக்கினது ரெண்டு. பாக்கி இல்லை." மண்டிக்காரர்கள் அதைக் கேட்பதற்கென்றே காரில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். குண்டு ஆள் ஒருவர் தனியாகப் போய்வந்த அன்று, அவரையும் அது ஒன்று என்றே எண்ணிச் சொன்னதில் அவருக்கு ஒரு திருப்தி.

ஒரே ஒருமுறை எழினி முகம் கோணி வந்தாள்.

"இன்னைக்குக் காலேஜ் பஸ் நம்மளுக்கு வழி விடறதுக்கு ஒரு விலை சொல்லிட்டு முக்குல நின்னுருச்சுங்ப்பா. நம்ம பெட்டி பேசாம இழுத்தடிச்சுதாமா. பின்னால ஒரு கிலோமீட்டருக்கு வண்டி. லேப் எக்ஸாம் நாலு பேருக்குப் போச்சு. வண்டி யாருதுன்னு எல்லாருக்கும் தெரியுது. மஞ்சக் கலர்."

"பஸ்ஸு சட்டுனு கொறைச்சிருக்கோணும். அதை ஏன் நீ தூக்கிச் சொமக்கற?"

"அவங்க நாலு பேரும் என்ற கிளாசுங்."

அவர் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவள் கூப்பிட்டாள். "சாப்பிட்டுப் போங்" என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பங்குனியில் ஒரு காலை. கல்லூரியில் பெற்றோர் கூட்டம். இரண்டு பேரும் போனார்கள். வண்டி தானாகத்தான் ஓடியது, இருந்தாலும் ஸ்டீயரிங் பக்கம் வலது சீட்டில் உட்காருவது எழினியின் உரிமை. நவநீதன் இடது சீட்டில், தனக்குப் பிடித்த கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வந்தார். வலது பக்கத்துத் தடத்தில் ஒரு வாடகைக் கார் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பெண். முன்னால், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து அந்தத் தடத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. எழினி தன்னுடைய இயற்பியல் வாத்தியார் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நவநீதன் அதற்குச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. வாடகைக் காரில் வந்தவள் பிழைத்தாள், வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். எழினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ரியாஸ் வந்தான். வாரியம் அனுப்பியிருந்தது. பெட்டியை வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கூடத்து மேஜையில் வைத்தான். நெளியவில்லை, கீறவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். காபியைத் தொடவில்லை.

"சொல்லுங் தம்பி" என்றார் நவநீதன்.

"வாடகை வண்டி டிராக்டரைப் பாத்ததும் நம்ம வண்டிகிட்டப் பேசியிருக்குதுங்க. 'நான் இடது பக்கம் வரோணும், எடம் குடு. நீ ஓரத்துத் தடுப்புக் கம்பியில உரசிட்டுப் போ. உனக்கு இடது கதவும் முன் பம்பரும் போகும். ரிப்பேர் பதினாலாயிரம். பாதி நான் தர்றேன்.' இதுதான் அது சொன்னது."

"நம்மது என்ன சொல்லுச்சு?"

ரியாஸ் தரையைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லலைங்க. பேசாம அதே வேகத்துல, அதே தடத்துல போயிருக்குது."

ரியாஸ் பெட்டியை மேஜையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"கூப்பிடுவாங்கன்னு காத்திருந்திருக்குது. அவன் முழுப் பதினாலையும் தர்றேன்னு சொல்லுவான்னு. அவனுது கம்பெனி வண்டிங்க. ஒரு தடவைதான் சொல்லும். பதில் வரலைன்னதும் பிரேக்கைப் புடிச்சிருக்குது. நேரம் பத்தலை. டிராக்டர்ல அடிச்சுத் திரும்பி, நம்ம வண்டியோட வலது பக்கத்துல வந்து..."

"சரிங் தம்பி."

கோகிலவாணி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதபோதும் வாய் திறக்காதவள் அப்போதுதான் பேசினாள்.

"அவன் கேட்டது கதவையா?"

"ஆமாங்கக்கா. கதவும் பம்பரும்."

"அதைக் குடுத்திருக்கலாமில்ல?" என்றாள் புருஷனைப் பார்த்து. கோபமாகக் கேட்கவில்லை. கடையில் எதையோ மறந்துவிட்டு வந்தவரிடம் கேட்பது போலக் கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நவநீதன் அன்று சாயங்காலம் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் கிடந்த வண்டியைப் பார்க்கப் போனார். வலது பக்கம் பார்க்கிற மாதிரி இல்லை. இடது பக்கமாகச் சுற்றி வந்தார். மகள் ராவி ராவி உட்கார வைத்த கதவில் ஒரு கீறல்கூட இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது போல, மஞ்சளாக, முழுசாக இருந்தது. திறந்து சாத்திப் பார்த்தார். அதே சத்தம்.

வாரியத்தின் பட்டியலில் எழினியின் வயதுக்கு நல்ல விலை போட்டிருந்தார்கள். மண்டித் தெருவில் பாதிக் கடைகளை வாங்கலாம். அது வரவில்லை. நியாயமான விலையைத் தட்டிவிட்ட வண்டியைக் கட்டியவர்தான் அதைத் தர வேண்டும். தர வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்ததால் வாரியத்து எழுத்தர் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். பாக்கியிருந்தது அந்த வலது கால்.

பெட்டியை எடுத்துப் போகும்படி ரியாஸிடம் சொல்லியிருந்தார். அவனால் முடியவில்லை.

"பேரம் நிலுவையில இருக்குதுங்க. முடிக்காம இது அணையாது. அணையாம வாரியத்துல வாங்கிக்க மாட்டாங்க. கட்டினவங்கதான் சரின்னோ இல்லைன்னோ சொல்லி முடிக்கோணும்."

"இப்ப என்ன பண்ணிட்டிருக்குது அது?"

"காத்துட்டிருக்குதுங்க."

அது கூடத்து மேஜையிலேயே இருந்தது. கோகிலவாணி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். துண்டுக்கடியிலிருந்து பச்சை வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது.

சித்திரை பிறந்து, புதுப் பட்டியல் வருவதற்கு முன்னால், நவநீதன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் போனவள் ஜெசிந்தா, அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவள். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது.

"உக்காருங்க சார்" என்றாள். "உங்க கை எப்படி இருக்கு?"

"பரவால்லைங் டீச்சர்."

"பொண்ணு எந்த ஸ்கூல்ல படிச்சது?"

சொன்னார்.

"அந்த ஸ்கூலா. எங்க புள்ளைங்க அவங்ககிட்ட ரெண்டு வருஷம் தோத்திருக்காங்க." கொஞ்ச நேரம் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாரியத்துலேருந்து வந்தாங்க. பதினெட்டு வரும், உங்ககிட்டப் பேசிக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு இதெல்லாம் பேசிப் பழக்கமில்ல. செயற்கைக் காலுக்குப் பன்னெண்டு ஆகும்ங்கறாங்க. அதை மட்டும் குடுத்துருங்க சார். நீங்களும்தானே பறிகுடுத்துட்டு நிக்கறீங்க."

நவநீதன் எழுந்தார்.

அவர் யோசித்து எழவில்லை. முதல் விலை காதில் விழுந்ததும் உடம்பு எழுந்துவிட்டது. கை துண்டை உதறித் தோளில் போட்டது. கால் வாசலைப் பார்த்து நடந்தது. வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு பக்கிளைப் போடுவது சிரமமாக இருந்தது. ஒரு வாரைப் போட்டார். இரண்டாவது வாரை எடுத்தபோதுதான் தான் எதற்காகக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

அப்படியே குனிந்தபடி நின்றார். அந்தப் பக்கம் போன ஒரு நர்ஸ், "தலை சுத்துதாங்கய்யா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். செருப்போடு உள்ளே போனார். ஜெசிந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பதினெட்டுங் டீச்சர்" என்றார். "பட்டியல்ல இருக்கற மாதிரியே."

அவள் திரும்பினாள். "நான் பன்னெண்டுதானே கேட்டேன்."

"தெரியுதுங்."

"அப்புறம் எதுக்கு எந்திரிச்சுப் போனீங்க?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"மனசு தாங்காமப் போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஜெசிந்தா. "அதான் கூப்பிடலை."

கிடங்கை விற்றுத்தான் அந்தப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வாங்க வந்தவன் ஒரு விலை சொன்னான். நவநீதன் சரி என்றார். வந்தவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்திரத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று இரண்டு வக்கீல்களிடம் காட்டினான். மண்டித் தெருவில் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் அதற்கப்புறம் துண்டே போடவில்லை.

பணம் கட்டிவிட்டு வந்த அன்று மத்தியானம் கோகிலவாணி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியின் மேல் கிடந்த துண்டை எடுத்தார்.

"முடிச்சரலாமா?" என்றார் மனைவியிடம்.

அவள் எழுந்து போகவில்லை.

அவர் பெட்டியைத் தொட்டார். பச்சை விளக்கு சிமிட்டியது.

"அப்பா" என்றது, மூக்கடைத்த குரலில். "கேட்டது இடது கதவும் முன் பம்பரும். பாதி அவங்க தர்றாங்க. நாம பேசாம எந்திரிச்சு வந்துட்டோம். இன்னும் கூப்பிடலை. காத்திருக்கட்டுமா?"

கோகிலவாணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மிணி" என்றார் நவநீதன். "சரின்னு சொல்லீரு."

"மொதல் விலைக்கேவா?"

"மொதல் விலைக்கேதான் கண்ணு."

விளக்கு கொஞ்ச நேரம் அசையாமல் எரிந்தது. பிறகு, தினமும் சாயங்காலம் வாசலில் வண்டி நின்றதும் சொல்வது போலவே, அது கணக்குச் சொன்னது.

"சரி. பேரம் முடிஞ்சது. போனது ஒரு கதவு, ஒரு பம்பர். ரிப்பேர் பதினாலாயிரம், வரவு ஏழாயிரம். இன்னைக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஏத்தினது ரெண்டு, எறக்கினது ரெண்டு. பாக்கி இல்லை."

விளக்கு அணைந்தது.